மாதாமாதம் ஐந்து நட்சத்திரம்

திரையில் ஐந்து நட்சத்திரம் விழுந்தால் நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறீர்களாம். உங்கள் டீம் லீடர் பெருமையாகச் சொன்னார். தட்டுங்கள், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ரிட்டயர் ஆகி வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவள். ஆனால் தட்டி முடித்த கையோடு அந்த நட்சத்திரத்தைக் கொடுத்த ஆளுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். அதைச் சொல்லத்தான் இந்த வெயிலில் ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு சிப்காட் வரை வந்திருக்கிறேன்.

நான் முதலில் இதே ஓசூரில் போன் அசெம்ப்ளி லைனில் நின்றவள். பிறகுதான் வாடிக்கையாளர் கருத்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். படிப்பைப் பார்த்து மாற்றவில்லை. எனக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். திட்டு எந்த பாஷையில் வந்தாலும் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னைத் தூக்கி அங்கே உட்கார வைத்தார்கள். நானும் ரிட்டயர் ஆகும்வரை வாங்கினேன்.

அதிலும் அதிகமாகத் திட்டு வாங்கிக்கொடுத்தது எங்கள் கீபோர்டு போன். நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். மேலே பாதிக்குத் திரை, கீழே பாதிக்கு நிஜமான பட்டன்கள். ஒவ்வொரு பட்டனிலும் தமிழ் எழுத்து அச்சடித்திருக்கும். ஊரே கண்ணாடித் திரையைத் தடவிக்கொண்டிருந்த காலத்தில் இதை யார் வாங்குவார்கள் என்று நாங்களே சிரித்தோம். வாங்கினார்கள். கூட்டமாக இல்லை, ஆனால் வாங்கியவர்கள் அதைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் பேரிகை கிராமத்தில் ரோஜா போடுகிற ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்: "கையெல்லாம் மண்ணும் மருந்துமா இருந்தாலும் இந்த பட்டன் கேக்குதும்மா. தொடற போன் முகத்தத் திருப்பிக்குது. இத மட்டும் வுட்டுடாதீங்க."

போன் தங்கம். அதன் சாஃப்ட்வேர் அப்டேட்தான் சனி. எல்லாப் போனுக்கும் வருகிற அப்டேட்டை எங்கள் ஆட்கள் இந்தப் பட்டன்களுக்கு ஏற்றபடி தனியாகத் தைத்துக் கொடுக்க வேண்டும். தைக்கிற கைகள் குறைவு. அதனால் மற்ற போன்களுக்கு வந்து பழசாகிப்போன பிறகுதான் எங்களுடையதற்கு வரும். வராமலும் போகும். 'யாவாக பருத்தே?' என்று கன்னடத்தில் கேட்பார்கள், 'எப்புடு வஸ்துந்தி?' என்று தெலுங்கில் கேட்பார்கள், 'எப்போதான்மா வரும்?' என்று தமிழில் கேட்பார்கள். எல்லோருக்கும் 'விரைவில்' என்று பதில் போட வேண்டும், அது மேலிடத்து உத்தரவு. கர்நாடக எல்லையில் ஜூஜுவாடியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த ஒருவர் ஒரு நாள் போனிலேயே கத்தினார்: "பார்டர்ல மாட்டுன லாரியே போய்ச் சேந்துடுச்சு, உன் விரைவில் இன்னும் வரலியே தாயி!" அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். என்ன வேண்டும் என்பதை வாய்விட்டுக் கேட்டுவிடுவார்.

கருத்துகளைக் கம்ப்யூட்டர் தானாகவே நிறம் பிரிக்கும். திட்டியவை சிவப்பு, நடுவில் இருப்பவை மஞ்சள், பாராட்டியவை பச்சை. சிவப்புக்கு நாங்கள் போன் போட்டுச் சமாதானம் சொல்வோம். பச்சைக்கு ஒரு நன்றி தானாகப் போய்விடும், மனுஷர் யாரும் பார்க்க வேண்டியதில்லை. நீங்களும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறீர்கள் என்று தெரிகிறது.

ஒரு நாள் காலை மீட்டிங். இந்த போனுக்கு இனிமேல் அப்டேட் கொடுப்பதா, இருப்பதோடு நிறுத்திக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும். பிராடக்ட் மேனேஜர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். என் மகன் வயதுதான் இருக்கும், கெட்டிக்காரர், குரலை உயர்த்தமாட்டார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, இதைக் கேட்டு முடித்த பிறகும் நீங்கள் அவரைக் குறை சொல்லாதீர்கள். திரையில் பச்சைக் கருத்துகளைப் போட்டுக் காட்டினார்.

"மேடம், டேட்டாவப் பாருங்க. பழைய வெர்ஷன்லயே ஹாப்பியா இருக்காங்க. இவங்கள்லாம் அப்டேட்டே கேக்கல. கேக்காத ஒண்ணுக்கு ஏன் ஆள் போடணும்?"

அவர் காட்டியதில் பாதிக்கும் மேல் ஒரே பெயரில் இருந்தன. கோகிலா, ஊத்தங்கரை. 'சூப்பர் போன். பட்டன் ரொம்ப நல்லா இருக்கு. அப்டேட் வரலன்னாலும் பரவாயில்ல. நல்ல கம்பெனி.' ஐந்து நட்சத்திரம். அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்த மாதமும் அதே. கீழே எப்போதும் ஒரு வரி சேர்ந்திருக்கும்: 'தயவுசெய்து இந்த மாடலை நிறுத்தாதீங்க.'

எனக்கு அது சரியாகப் படவில்லை. நான் மிக்ஸி வாங்கியிருக்கிறேன், பீரோ வாங்கியிருக்கிறேன். நன்றாக இருந்தால் ஒரு தடவை பக்கத்து வீட்டில் சொல்வேன், அதோடு சரி. மாதாமாதம் கடைக்குப் போய் 'உங்க மிக்ஸி அருமை' என்று சொல்லிவிட்டா வருவேன்? பொருளை வாங்கினவன் ஒரு தடவை பாராட்டினால் அது பாராட்டு. மாதாமாதம் பாராட்டினால் அவன் எதற்கோ பயப்படுகிறான். இதை மீட்டிங்கில் சொன்னேன். மேனேஜர் சிரித்துவிட்டு, "பேசிப் பாருங்க மேடம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும்" என்றார்.

அன்றைக்கே போன் போட்டேன். கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தப் பெண்ணின் குரல் சின்னதாகிவிட்டது.

"மேடம், நாங்க ஒண்ணும் குறையா எழுதலியே? நல்லாத்தான மேடம் எழுதனோம்?"

"நல்லாத்தாம்மா எழுதியிருக்கே. அதுக்குத்தான் கூப்பிட்டேன். போன்ல ஒரு தொந்தரவும் இல்லியா?"

"ஐயோ, ஒண்ணுமே இல்ல மேடம். சூப்பர் போனு. பட்டன்லாம் நல்லா கீது."

"அது எனக்கும் தெரியும். வேற?"

பின்னால் ஒரு குழந்தை, "அம்மா, அப்பாவப் பேசச் சொல்லு" என்று நச்சரிப்பது கேட்டது. கோகிலா, "அப்புறம் பேசுவாரு, போ" என்றாள். பிறகு என்னிடம், "வெச்சுடட்டா மேடம்?" என்றாள். நான், "நாளைக்கு உங்க ஊருக்கு வரேம்மா, ஒரு டீ போட்டு வை" என்று சொல்லி நானே வைத்துவிட்டேன். வரலாமா என்று கேட்டிருந்தால் அவள் வேண்டாமென்றிருப்பாள்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஊத்தங்கரையில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போனால் அவர்கள் ஊர். வாசலில் சின்னப் பெண் ஒருத்தி செருப்புகளை வரிசையாக அடுக்கி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத வயது. உள்ளே கட்டிலில் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்தபடி கோகிலாவின் கணவர் முனிராஜ். நாற்பதுகூட ஆகியிருக்காது. மடியில் எங்கள் போன்.

கோகிலா டீயை வைத்துவிட்டுச் சொன்னாள். முனிராஜ் ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். ஒரு நாள் நாக்கு குழறியது. தண்ணி போட்டுவிட்டு வேலைக்கு வந்தார் என்று கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர் குடிக்கிறவரே இல்லை. நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகிற நோய். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள், மருந்து சொல்லவில்லை. முதலில் பேச்சு போனது, பிறகு கால், பிறகு கைகளும் தளர்ந்துகொண்டே வந்தன. ஊருக்கு வந்துவிட்டார்கள். கோகிலா மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிறாள். பட்டன் போன் அவர்களுக்கு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. திரை போனில் கையைச் சும்மா வைத்தாலே என்னென்னவோ திறந்துகொள்ளும். இதில் விரலைப் பட்டன்மேல் வைத்து ஓய்வெடுக்கலாம். தெம்பு வரும்போது அழுத்தலாம்.

"இது எழுதறதப் படிச்சுக் காட்டும் மேடம், ஆம்பள கொரல்ல" என்றாள் கோகிலா. "அவரு அடிப்பாரு, அது பேசும். பாப்பாவுக்கு வெவரம் தெரியறப்பவே அவருக்குப் பேச்சு போயிடுச்சு. அந்தக் கொரல்தான் அப்பான்னு நெனச்சுக்கினு இருந்தா. 'அப்பா கத சொல்லு'ன்னு மேல ஏறிப் படுத்துக்குவா. அவரு ஒரு ஒரு எழுத்தா அடிப்பாரு. பொறுமையா இருந்து கேப்பா, வேற யாருகிட்டயும் அவளுக்குப் பொறுமையே கெடையாது."

"இப்போ?"

"படிக்கற ஆப்பு நின்னுபோச்சு. புது அப்டேட் இருக்கற போனுலதான் வேல செய்யும்னு வருது. நான் படிச்சுக் காட்டறன் பாப்பாவுக்கு."

வாசலில் இருந்த குழந்தை அங்கிருந்தே சொன்னாள்: "நீ சொல்றது அப்பா கெடையாது."

எனக்குக் கோபம் வந்தது. "இத்தன கஷ்டத்த வெச்சுக்கிட்டு அஞ்சு நட்சத்திரம் போட்டியேம்மா! ஒரு வரி எழுதியிருந்தா நான் ஓடி வந்திருக்கமாட்டேனா?" என்று அந்தப் பெண்ணைக் கொஞ்சம் அதட்டிவிட்டேன்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் விரலை நகர்த்தி அடிக்க ஆரம்பித்தார். ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் டீயைக் குடித்து முடிக்கும் நேரம் ஆனது. கோகிலா போனை என் பக்கம் திருப்பினாள். 'கம்ப்ளைன்ட் வந்தால் லைனை மூடிவிடுவார்கள் மேடம்' என்றிருந்தது.

ஓசூரில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளில் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பாகத்துக்குக் குறை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும். ஒரு தடவை வந்தால் மீட்டிங், திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பாகத்தையே நிறுத்திவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். முனிராஜ் அதைக் கண்ணால் பார்த்தவர். தன் வாயால் அந்தச் செய்தியைத் தன் ஆட்களுக்குச் சொன்னவர். அதனால் பட்டன் போனுக்குக் குறையே வரக் கூடாது, வந்தால் போனையே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் இது கெட்டுப்போனால் வேறு கிடைக்காது என்று முடிவு கட்டியிருக்கிறார். மனைவி பெயரில் வந்த பாராட்டுகள் எல்லாம் அவர் அடித்தவை. ஒரு பாராட்டை அடிக்க அவருக்கு அரை நாள் ஆகும் என்று கோகிலா சொன்னாள். மகளிடம் ஒரு வார்த்தை பேச முடியாத மனுஷன், இருக்கிற விரல் தெம்பை எங்கள் கம்பெனியைப் பாராட்டிச் செலவழித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் நாங்கள் திரையில் போட்டு, பாருங்கள், இவர்களுக்கு அப்டேட் தேவையில்லை என்றோம்.

அங்கே உட்கார்ந்தபடி நான் யோசித்தேன். 'குறை எழுதுங்க, ஒண்ணும் ஆகாது' என்று வாக்குக் கொடுத்துவிடலாம். கொடுக்க எனக்கு என்ன அதிகாரம்? அவர் எழுதும் குறையையும் சேர்த்து எண்ணி மேலிடம் நிஜமாகவே மூடிவிட்டால்? நோயாளியிடம் பொய் சொல்லக் கூடாது, அவர்களுக்கு அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"முனிராஜ் தம்பி, மூடுவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனா நீங்க நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தா வெள்ளிக்கிழமையே அப்டேட்ட நிறுத்திடுவாங்க. அது எனக்குத் தெரியும். என்னா வேணுமோ அத எழுதுங்க."

அவர் வெகுநேரம் பட்டன்கள்மேல் விரலை வைத்தபடி இருந்தார். பிறகு எழுதினார். நட்சத்திரம் போடுகிற இடம் வந்ததும் கோகிலாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். ஒரே ஒரு நட்சத்திரம். கீழே, 'பாப்பாவிடம் பேசணும்.'

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அதைக் காட்டினேன், பார்த்ததைச் சொன்னேன். ஒருவர், "பாவம்தான் மேடம், ஆனா ஒரு ஆளுக்காக எப்படி?" என்று கேட்டார். "சரி, ஒரு ஆளா இல்லியான்னு பாத்துடலாம். பச்சைக்கெல்லாம் போன் போடுங்க, இங்கயே, இப்பவே" என்றேன். என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது. மேனேஜர் தானே முதல் போனை எடுத்தார். மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. கை நடுக்கம் உள்ள ரிட்டயர்டு வாத்தியார், பார்வை மங்கி எழுத்தைத் தடவி அடிக்கிற ஒரு அம்மாள், இப்படிப் பலர். எல்லோருக்கும் ஆயிரம் தொந்தரவு, எல்லோரும் ஐந்து நட்சத்திரம். கேட்டால் ஒரே பதில், 'நிறுத்திடுவீங்களோன்னு பயம்.' மேனேஜர் காதிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "அப்டேட் குடுத்துடலாம்" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கொடுக்கலாம் என்று சொன்னதற்கும் கொடுத்ததற்கும் நடுவில் மாதங்கள் ஓடின. அந்த மாதங்களில் நான் கோகிலாவிடம் 'விரைவில்' என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. இப்போது இது முடிந்திருக்கிறது, இது பாக்கி இருக்கிறது என்று இருப்பதை உள்ளபடியே சொல்வேன். அவளும் அந்தப் பக்கத்தில் நடப்பதைச் சொல்வாள். வலது கை போய்விட்டது. இடது கையில் ஒரு விரல் இருக்கிறது. எங்கள் ஆட்களும் தூங்காமல்தான் வேலை செய்தார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நான் வீட்டில் என் கணவரைக் கோபித்துக்கொண்டேன்.

அப்டேட் போய்ச் சேர்ந்த அன்று கோகிலா கூப்பிட்டாள். "அக்கா, கேளுங்க" என்றாள், அன்றுதான் முதல்முதலில் அக்கா என்றாள். கரகரவென்று ஒரு இயந்திரக் குரல், "பாப்பா, மூக்கு நோண்டாத" என்றது. அவ்வளவு நாள் காத்திருந்த தகப்பன் முதலில் சொன்னது அதுதான். குழந்தை கெக்கேபிக்கே என்று சிரித்தாள். "அப்பா வந்துட்டாரு! அப்பாவுக்கு வாயி வந்துடுச்சு!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த மாம்பழ சீசன் வருவதற்குள் முனிராஜ் போய்விட்டார். கடைசியில் அந்த ஒரு விரலும் வரவில்லையாம். கோகிலா எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்ட, அவர் கண்ணை மூடித் திறந்தால் அவள் அழுத்துவாள். குரல் மட்டும் நிற்கவில்லை. அந்த அப்டேட் இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை கதை கிடைத்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டேன்.

அந்தக் களேபரத்துக்குப் பிறகு எங்கள் கம்பெனி திருந்திவிட்டது. கருத்துகளை உடனுக்குடன் படித்தார்கள், சொன்ன குறையைச் சட்டென்று சரிசெய்தார்கள். படித்துக் காட்டும் குரலைப் பற்றி நிறையப் பேர் குறை எழுதியிருந்தார்கள், தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது, மாற்றுங்கள் என்று. நியாயமான குறை. அடுத்த அப்டேட்டில் பழைய குரலை எடுத்துவிட்டு இனிமையான ஒரு பெண் குரலைப் போட்டார்கள். அறிவித்த தேதிக்கு முன்னாலேயே எல்லாப் போன்களுக்கும் அனுப்பினார்கள். அந்தப் போனுக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் கேக் வெட்டினோம்.

கேக் தட்டு கையில் இருக்கும்போதே கோகிலாவின் போன் வந்தது. தன்னுடைய சின்ன போனிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கினாள்.

"அக்கா, அப்டேட் வந்து நிக்குது. 'இப்போது', 'பிறகு'ன்னு கேக்குது. கொரல் மாறிடும்னு போட்டிருக்கு. எனக்கு வேணாங்கா. பாப்பா எதனா அழுத்திடுவாளோன்னு பயமா கீது. அப்டேட் வேணாங்கா, வராம நிறுத்திடுங்க."

அப்டேட் கேட்டுத் திட்டியவர்களைத்தான் என் வேலையில் பார்த்திருக்கிறேன். வேண்டாமென்று அழுத ஆள் அவள் ஒருத்திதான். "பிறகுன்னு அழுத்தும்மா. சிம்ம கழட்டு. சார்ஜர்ல போட்டு வை, அணைய மட்டும் விட்டுடாத, அணைஞ்சு எழுந்தா அதுவே ஏறிக்கும்" என்று சொல்லிவிட்டு, கேக் வெட்ட வந்திருந்த மேனேஜரைப் பார்க்க மாடிக்கு ஓடினேன். என் முட்டிக்கு மாடிப்படி ஆகாது, அன்றைக்கு அது ஞாபகமில்லை. பாதுகாப்புக்கான அப்டேட்டும் அதோடு சேர்ந்திருந்ததால் யாருக்கும் விலக்குக் கிடையாது என்பது விதி. மேனேஜர் வாயில் கேக்கோடு என்னைப் பார்த்தார். "சார், ஊத்தங்கரை. அந்தக் குழந்தைக்கு அந்தக் குரல்தான் அப்பா. மாத்திடாதீங்க" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, அந்த ஒரு போனை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்து, ஏற்கனவே இறங்கியிருந்ததை அழிக்க வழியும் செய்து கொடுத்தார். பெரிய இடத்தில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "நான் பாத்துக்கறேன் மேடம்" என்றார்.

விதியை மீறுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வரவில்லை, உங்கள் டீம் லீடர் என்னை முறைக்க வேண்டாம். எல்லோருக்கும் நல்லது என்று நாம் அனுப்புகிற ஒன்று யாரோ ஒருவர் வீட்டில் போய் என்னவாக இறங்குகிறது என்பதை நாம் கேட்டால்தான் தெரியும். பச்சைக்கும் கேளுங்கள், சிவப்புக்கும் கேளுங்கள். அந்த போனும் ஒரு நாள் நிற்கத்தான் போகிறது, பேட்டரி உப்பும், பட்டன் தேயும். அது எனக்கும் தெரியும், கோகிலாவுக்கும் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் கோகிலாவைக் கூப்பிட்டேன். "இனிமே வராதும்மா. பயப்படாத" என்றேன். அவள் நன்றி சொல்ல வந்து அழுதுவிட்டாள். நானும் பேச்சை மாற்ற, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஒண்ணாங்கிளாஸ் போறாக்கா. எழுத்துலாம் கத்துக்கிட்டா" என்றாள். "பள்ளிக்கூடம் வுட்டு வந்ததும் அந்த போன எடுத்துக்கினு கட்டல்ல ஏறிக்கறா. அவளே அடிக்கறா, அவளே கேக்கறா. நான் பக்கத்துல போனா 'தள்ளிப் போ'ங்கறா."

"என்னா அடிக்கறா?"

அவள் தன் போனைக் குழந்தை பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. பட்டன் அழுத்துகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது, நடுவில் யோசிக்கிற மாதிரி இடைவெளி, மறுபடி ஒரு பட்டன். பிறகு அந்தக் கரகரத்த குரல் நிதானமாகச் சொன்னது:

"பாப்பா, ஸ்கூல்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

குழந்தை சொல்ல ஆரம்பித்தாள்.